பளிங்கும் காந்தமும் ஒளியும்

கல்குடாவிற் பனை பிளப்போர், மரத்தின் நாரோட்டம் பார்த்தே கோடரியை இறக்குவர். குறுக்கே வெட்டினால் வைரம் பாய்ந்த மரம் இலேசில் இடங்கொடாது. மரம் ஒன்றே, ஆயினும் திசைக்கொரு குணம். பளிங்குகளின் இயல்பும் இத்தகையது. அணுக்கள் அவற்றினுள் ஒழுங்கான நிரைகளாக நிற்றலால், காந்தமும் ஒளியும் எத்திசையிற் செயற்படுகின்றன என்பதைப் பொறுத்தே விளைவு அமைகின்றது. இதனைத் திசைவேற்றுமை எனலாம்.

ஒளியலையின் அதிர்வை ஒரே தளத்தில் அடக்கலாம். பாசிக்குடாவின் நீர்ப்பரப்பிற் சரிவாகப் பட்டுத் தெறிக்கும் வெயிலில் பெரும்பகுதி இத்தகைய ஒளியே. 1845ஆம் ஆண்டு மைக்கேல் பரடே, காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடியினூடே இவ்வொளியைச் செலுத்த, அதன் அதிர்வுத்தளம் சுழலக் கண்டார். காந்தத்துக்கும் ஒளிக்கும் உறவுண்டு என்பது அன்று வெளிப்பட்டது.

இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்கும் பெரிது. 1898இல் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் சி. வி. இராமனோடு சேர்ந்து 1927இல் இவ்வுறவை ஆராய்ந்தார். பென்சீன் போன்ற திரவங்கள் வலிய காந்தப்புலத்திற் பளிங்குபோலாகி, ஒளியை இருவேறு வேகங்களிற் செலுத்துவது ஏன்? தனித்தனி மூலக்கூறுகளே திசைவேற்றுமை உடையன. புலம் அவற்றைச் சிறிது ஒருமுகப்படுத்துகின்றது. வெப்பமோ அவற்றை ஓயாது கலைக்கின்றது. இதுவே அவர்கள் தந்த விளக்கம்.

மூலக்கூறுகளின் காந்தக் குணத்தை நேரே அளத்தற்கு, அவை நிரையாக நிற்கும் பளிங்கே தக்கது. 1928இன் இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகம் சென்ற கிருஷ்ணன், துணைவர்களோடு அதற்கோர் எளிய வழி கண்டார். சிறு பளிங்கை மெல்லிய குவாட்சு இழையிற் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டனர். இழையின் தலைப்பைத் திருக, பளிங்கு ஓரளவு எதிர்த்து நிற்கும். ஏறத்தாழ 45 பாகை விலகியதும் சட்டெனப் புரளும். அவ்வேளை இழை பெற்றிருந்த முறுக்கிலிருந்து திசைவேற்றுமை கணிக்கப்பட்டது.

இரும்பு முதலிய காந்தப் பொருள்களில் இவ்வியல்பு மேலும் வலிது. கோபாற்றுப் பளிங்கு தன் அறுகோண அச்சின் வழியே எளிதிற் காந்தமாகும். குறுக்கே எளிதில் ஆகாது. அதன் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி எவ்வளவு சுழலும் என்பதும், காந்தம் எவ்வச்சில் நிற்கின்றது என்பதைப் பொறுத்து மாறும்.

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஒளியிழைத் தொடர்புகளில், திரும்பி வரும் ஒளி லேசரைக் குலைக்காதவாறு இரும்புக் கார்னெட் பளிங்கு காவல் நிற்கின்றது. போகும் ஒளியை அது 45 பாகை சுழற்றும்; திரும்பும் ஒளியையும் அதே பக்கமாகச் சுழற்றுவதால் மொத்தம் 90 பாகையாகி வாயில் அடைபடும். பளிங்கில் இறுக்கம் நேர்ந்து, ஒளிக்குத் திசைக்கொரு வேகம் உண்டானால், அக்காவல் தளர்ந்து ஒளி கசியும். ஆகவே பளிங்கை எத்திசையில் வெட்டுவது, எவ்வாறு பொருத்துவது என்பன கண்ணுங் கருத்துமாகக் கவனிக்கப்படுகின்றன.

கல்குடாவிலிருந்து ஒருவர் தூரதேசத்திலுள்ள தம் பிள்ளையோடு உரையாடும்போது, அக்குரல் ஒளியாகிக் கடலடியிற் செல்கின்றது. அதன் வழியைக் காக்கும் பளிங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. பளிங்கின் திசையறிந்து அதனை அமைக்கும் அறிவுக்கு, ஓர் இழையில் தொங்கிய சிறு பளிங்கும் வழிகாட்டியது.