ரொட்டியை நிறுத்திய பின்பே குண்டு வந்தது



2025 ஜனவரி 19 அன்று காசாவில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. எட்டு நாட்களுக்குப் பின், இடம்பெயர்ந்த லட்சக்கணக்கான மக்கள் கடலோர அல்-ரஷீத் சாலை வழியே கால்நடையாக வடக்கே திரும்பத் தொடங்கினர். கொட்டும் குளிரில் அவர்கள் கண்டது இடிபாடுகளையே.

நாளொன்றுக்கு 600 லாரி நிவாரணம், 2 லட்சம் கூடாரங்கள், 60 ஆயிரம் நடமாடும் வீடுகள் ஆகியவை உடன்பாட்டில் இடம்பெற்றிருந்தன. உணவு லாரிகள் வந்தன. நடமாடும் வீடுகளோ பெரும்பாலும் எல்லையிலேயே நிறுத்தப்பட்டன. மாவு கிடைத்த குடும்பத்திற்கு நனையாத தரை கிடைக்கவில்லை.

மார்ச் 2 அன்று இஸ்ரேல் நிவாரணம் முழுவதையும் தடுத்தது; மார்ச் 18 அன்று குண்டுவீச்சு மீண்டும் தொடங்கியது. முதல் அடி அடுப்பின் மீதே விழுந்தது.

ஆக்கிரமிப்பு அரசு மக்களுக்கு உணவும் மருந்தும் உறுதிசெய்ய வேண்டும். நிவாரணத்தை அனுமதிக்க வேண்டும். இது 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை விதித்த கடமை. கடமையைப் பேரப்பொருளாக்குவது குற்றம்.

1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. 2025 ஜூன் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 149 நாடுகள் போர்நிறுத்தம் கோரி வாக்களித்தபோது, மோடி அரசு வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. அந்த மரபை மீட்கும் பொறுப்பு இந்திய உழைக்கும் மக்களுடையது.