ஆளறிந்து சொல்லுக

(மாணவர் தமிழ்மன்றமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



சொல்வளம் என்பது ஒரு பொருளுக்குப் பல சொல் உடைமை மட்டுமன்று. அப் பலவற்றுள் எச்சொல் எவ்விடத்திற்கு உரியது என்றறிந்து ஆளும் திறமும் ஆகும். நெல்லின் இலை தாள். கரும்பின் இலை தோகை. பனையின் இலை ஓலை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981) இவ் வேறுபாடுகளை எடுத்துக்காட்டித் தமிழின் சொல்வளத்தை நிறுவினார். இலைக்குக் காட்டிய அந் நுட்பத்தைத் தமிழன் இன்று மாந்தனுக்குக் காட்டுகின்றானா என்பதே வினா.

பண்டையோர் காட்டினர். திவாகரம் என்னும் பெயர்த்தொகை நூலின் 12 தொகுதிகளுள் தெய்வப் பெயருக்கு அடுத்து நிற்பது மக்கட் பெயர்த் தொகுதியே. திண்ணைப் பள்ளிச் சிறுவரும் சூடாமணி நிகண்டை நெட்டுருச் செய்தனர். இன்றோ, கற்றவர் வாயிலும் மக்கட் பண்பைக் குறிக்கும் சொற்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. அவற்றுள்ளும் பல இரவல். புத்திசாலி, தைரியசாலி, உலோபி, துரோகி, துட்டன் என்பர். அறிவாளி, நெஞ்சுரத்தன், இவறி, இரண்டகன், தீயன் என்னும் தமிழ்ச்சொற்கள் இருக்கவும் இரவலை நாடுவது, வீட்டுப் பாலைக் கவிழ்த்துவிட்டு அண்டை வீட்டு மோருக்குக் காத்து நிற்பது போன்றதன்றோ?

ஆயினும், ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதோடு பயிற்சி முடிந்துவிடாது. திருவள்ளுவர் கல்லாமையை 41ஆம் அதிகாரத்திலும், பேதைமையை 84ஆம் அதிகாரத்திலும், புல்லறிவாண்மையை 85ஆம் அதிகாரத்திலும் வைத்தார். மூன்றும் ஒன்றாயின் மூன்று அதிகாரம் எற்றுக்கு? கல்லாதவன் நூலறிவு பெறாதவன். பேதை, கேடு பயப்பதைப் பற்றிக்கொண்டு ஆக்கம் பயப்பதை நழுவ விடுபவன். புல்லறிவாளனோ, சிற்றறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பேரறிவாளனாக எண்ணிச் செருக்குபவன். முதல்வனுக்கு வேண்டுவது பள்ளி. இரண்டாமவனுக்கு வேண்டுவது நல்ல துணை. மூன்றாமவனுக்கு வேண்டுவது அடக்கம். கணக்கில் பிழை செய்த சிறுவனை 'முட்டாள்' என்று ஆசிரியர் ஒருவர் அழைப்பாராயின், இம் மூன்றனுள் எதனையும் அவர் எண்ணிப் பார்த்தாரல்லர். சிறுவனோ அச்சொல்லை நெடுநாள் சுமப்பான். அவன் இன்னும் அறியாதவன்; அவ்வளவே.

செட்டுடையவனும் இவறியும் அவ்வாறே வேறாவர். வேண்டாச் செலவை விலக்குபவன் செட்டுடையவன். கொடுக்க வேண்டியவிடத்தும் கையை மூடுபவன் இவறி. இவறன்மையை வள்ளுவர் குற்றங்கடிதலில் வைத்துக் கடிந்தார். பிள்ளையின் படிப்புக்காகக் கூலிக் காசைச் சேர்த்து வைக்கும் ஏழையைக் கருமி என்பவன், சொல்லையும் கெடுத்தான், ஆளையும் கெடுத்தான்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. கொடுஞ்செயல் செய்தவனைச் 'சண்டாளன்' என்று வைவது இன்னும் பலர்க்கு வழக்கமாக உள்ளது. அது செயலின் பெயரன்று, பிறப்பின் பெயர். மனுநூல் பிறப்பாலேயே இழிந்தவராக ஒதுக்கிய மக்களின் பெயர். தமிழ்நாட்டுப் பட்டியற் குலங்களின் வரிசையில் இன்றும் உள்ள பெயர். கொலைகாரன் ஒருவனை அப்பெயரால் வைபவன் உண்மையில் வைவது அவனை அன்று; ஒரு குற்றமும் அறியா மக்களையே. கொலைஞன், கொடியன், வன்கண்ணன், கயவன் என அவன் செயலைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லையா? கயமைக்கென்றே 108ஆம் அதிகாரம் உள்ளது. அங்குக் கயவன் அறியப்படுவது நடத்தையால், குலத்தாலன்று.

இவ்விடத்துத் தமிழரும் தம் குற்றம் உணர்தல் வேண்டும். 'புலையன்' என்பதும் ஒரு குடியின் பெயராய் இருந்து பழிச்சொல்லாக்கப்பட்டதே. தமிழ்ச்சொல் என்பதனால் அப் பழி தூய்மையாகிவிடாது. வடசொல்லை நீக்கிவிட்டு அவ்விடத்தில் இதனை வைப்பது தனித்தமிழ் ஆகாது. நஞ்சை ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு ஊற்றுவதே ஆகும். மொழித்தூய்மைக்கு உள்ளத் தூய்மையே வேர்.

ஆகவே பயிற்சி இவ்வாறு அமைக. நாளொன்றுக்கு மக்கட் பண்பைக் குறிக்கும் சொல் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் பொருளுடைய தமிழ்ச்சொற்களைத் திரட்டுக. ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைத்து, அறிவைக் குறிப்பதா, செயலைக் குறிப்பதா, பிறப்பைக் குறிப்பதா என மூன்று வினா எழுப்புக. பிறப்பைச் சுட்டி இழிப்பதாயின், அஃது எம்மொழிச் சொல்லாயினும் தள்ளுக. பழிக்கும் சொல் ஒன்றைக் கற்கும் நாளில் போற்றும் சொல் இரண்டைக் கற்க: சான்றோன், ஈகையாளன், நடுவுநிலையாளன், வாய்மையாளன், செய்ந்நன்றி மறவாதவன் என இச்செல்வம் விரிந்து கிடக்கின்றது.

ஆளை அளந்து சொல்லைத் தேர்பவன் ஆளுக்கும் நேர்மை செய்கின்றான். தமிழுக்கும் நேர்மை செய்கின்றான். அத்தகைய நாவே தமிழ்நா.

வெல்க தமிழ்!