விளக்குப் பொறி: கொல்வதற்கா, எண்ணுவதற்கா?

(இராமநாதபுரம் மாவட்ட நெல் விவசாயிகளுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)

 

விளக்குப் பொறி என்றதும், "அதுதான் தெரியுமே, விளக்கை ஏற்றி வைத்தால் பூச்சி வந்து விழுந்து சாகும்" என்பீர்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன். இன்று கொஞ்சம் மாற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நம் மாவட்டத்து நெல்லுக்கு விளக்குப் பொறியின் முதல் வேலை பூச்சியைக் கொல்வது அல்ல; கணக்கெடுப்பது.

ஏன் என்றால், நமக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 820 மில்லி மீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. புரட்டாசியில் புழுதி விதைப்பு, தையில் அறுப்பு. ஒரே போகம். கண்மாயில் தண்ணீர் நின்றால் விளைச்சல், இல்லையென்றால் வைக்கோல். இந்த நிலையில் மூன்று தடவை, நான்கு தடவை மருந்தடிக்க நம்மில் யாரிடம் காசு இருக்கிறது? ஒரு தடவைதான் முடியும். அந்த ஒரு தடவையை எந்த வாரத்தில் செய்வது, அல்லது செய்யாமலே விட்டுவிடலாமா என்பதுதான் நம் கேள்வி.

ஒரு மார்கழியில் திருவாடானைப் பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். வயலெங்கும் வெண்கதிர். மணி பிடிக்காமல் சாவியாகி, வெளுத்து நிமிர்ந்து நின்றது. வயல்காரர் முந்தின நாள்தான் மருந்தடித்து முடித்திருந்தார். ஒரு கதிரைப் பிடித்து இழுத்தேன், சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. தண்டைப் பிளந்து பார்த்தோம். உள்ளே புழு தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகிக் கிடந்தது. "அப்போ நான் அடிச்ச மருந்து யாருக்குங்க ஐயா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் செய்த தவறு மருந்திலும் இல்லை, அளவிலும் இல்லை, நாளில் இருந்தது. குருத்துப்பூச்சி என்கிற தண்டுதுளைப்பானின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். தாய் அந்துப்பூச்சி இலையின் நுனிப்பக்கத்தில் 15 முதல் 80 முட்டைகள் வரை குவியலாக இட்டு, தன் உடம்பிலுள்ள மஞ்சள் நிற மயிரால் மூடிவிடும். 5 முதல் 8 நாட்களில் முட்டை பொரியும். வெளிவந்த சிறு புழு கொஞ்ச நேரம்தான் வெளியே அலையும். நூல் விட்டுத் தொங்கிக் காற்றில் ஆடி அடுத்த தூருக்கும் போகும். பிறகு தண்டுக்குள் நுழைந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளேயே இருந்து தின்னும். இளம் பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வரும் பருவத்தில் வெண்கதிராகும். குருத்து காய்ந்தால் பயிர் வேறு தூர் வெடித்து ஓரளவு ஈடுகட்டும். வெண்கதிருக்கு ஈடு கிடையாது. ஆகவே அந்து பறக்கத் தொடங்கியதில் இருந்து புழு தண்டுக்குள் நுழையும் வரை உள்ள ஒரு வாரம், பத்து நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். பகலில் அந்து தூருக்குள் ஒளிந்திருக்கும், நம் கண்ணில் படாது. அது பறக்கிறதா இல்லையா என்று இரவில் சொல்லக்கூடியது விளக்குப் பொறி.

பொறி செய்யப் பெரிய செலவு வேண்டாம். ஒரு பல்பு, அதன் கீழ் ஒரு புனல், புனலுக்கு அடியில் ஒரு வாளி. பல்பைச் சுற்றி மூன்று தகடுகளைச் செங்குத்தாக வைத்தால் மோதுகிற பூச்சி புனலில் வழுக்கி விழும். வாளியில் காகிதத்தைக் கசக்கிப் போட்டு வைத்தால் பூச்சிகள் அடித்துக்கொண்டு சிறகு உதிராமல் இருக்கும். காலையில் அடையாளம் காண வசதி. சிலர் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி மண்ணெண்ணெய் விடுவார்கள். கொல்வதற்கு அது சரி, ஆனால் எண்ணப் போகும்போது எல்லாம் ஒரே பிசினாக இருக்கும். சோப்புக் கரைசல் அதைவிட மேல். சூரிய சக்தியில் எரியும் பொறிகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டில் எரிக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பில் புற ஊதாக் கதிர் இல்லாததால் அந்துகள் அவ்வளவாக வராது. பொறிக்கு என்று விற்கும் ஊதா விளக்கை வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தட்டும் வாளியும் இல்லாமல் வெறும் பல்பை வரப்பில் கட்டித் தொங்கவிடாதீர்கள். ஊரிலுள்ள அந்துகளை எல்லாம் விருந்துக்கு அழைத்து, விளக்கைச் சுற்றியுள்ள உங்கள் பயிரிலேயே முட்டையிட வைத்தது போலாகும்.

தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரம், தெருவிளக்கு எட்டாத இடம், மாலை ஆறரையில் இருந்து இரவு பத்தரை வரை. அதற்குமேல் நன்மை செய்யும் பூச்சிகள் அதிகம் வந்து விழும் என்பதால் அணைத்துவிடுவது நல்லது. காலையில் வாளியைப் பழைய வேட்டியின் மேல் கொட்டிப் பிரியுங்கள். வெளிர் மஞ்சள் சிறகு, ஒவ்வொரு முன் சிறகின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி, வால் பக்கம் மஞ்சள் மயிர்க்கற்றை - இது குருத்துப்பூச்சியின் பெண். ஆண் சிறியது, மங்கிய பழுப்பு. பழுப்பு மஞ்சள் சிறகில் அலைஅலையான கருங்கோடு இருந்தால் இலைச்சுருட்டுப் பூச்சி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள்; நம்மைவிட அவர்களுக்குக் கண் கூர்மை.

எண்ணிக்கையை நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு நாள் கணக்கு எதையும் சொல்லாது. உதாரணத்துக்கு, 3, 2, 4 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 11, 24 என்று ஏறினால்தான் அது செய்தி. அப்போதும் உடனே கைத்தெளிப்பானைத் தூக்க வேண்டாம். வயலில் இறங்கி ஐந்து இடங்களில் சதுர மீட்டருக்கு எத்தனை முட்டைக் குவியல் என்று பாருங்கள். இரண்டு இருந்தால்தான் கவலை. அந்தக் குவியல்களில் பத்தை இலையோடு கிள்ளி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். எறும்பைவிடச் சிறிய கருங்குளவிகள் வெளிவந்தால் உங்கள் வேலையை அவை செய்துகொண்டிருக்கின்றன, மருந்து வேண்டாம். புழுக்களே வந்தால் வேளாண்மை அலுவலர் சொல்லும் மருந்தை அந்த வாரமே அடியுங்கள். ட்ரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணியை எக்டருக்கு 5 சி.சி. விடலாம் என்பதும் பரிந்துரை. ஆனால் அதை அந்து ஏறத் தொடங்கிய உடனே விட வேண்டும், விட்ட வயலில் மருந்தடிக்கக் கூடாது.

பொறி பொய் சொல்லும் நாட்களும் உண்டு. அடை மழையிலும் பலத்த காற்றிலும் அந்து பறக்காது. வாளி காலியாக இருப்பதால் வயலில் பூச்சி இல்லை என்று அர்த்தம் இல்லை. நிலா வெளிச்சத்திலும் வரத்து குறையும். கார்த்திகைத் தீபத்தன்று சொக்கப்பனை கொளுத்துவது வயல் பூச்சியைக் கொல்லத்தான் என்று சொல்வார்கள். பண்டிகையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது பௌர்ணமியை ஒட்டி வருவது. விளக்குக்கு அந்து குறைவாக வரும் இரவு. அதனால் நோட்டில் மழை, காற்று, பிறை மூன்றையும் எழுதுங்கள். போன பௌர்ணமிக் கணக்கை இந்தப் பௌர்ணமியோடு ஒப்பிடுங்கள், அமாவாசையோடு அல்ல.

இப்படி எழுதுவது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ல் ஒரு வயலோரம் விளக்குப் பொறி வைத்து எண்ணத் தொடங்கினார்கள். இடையில் சில ஆண்டுகள் நின்று, 1960-களில் இருந்து நாடு முழுக்கப் பரவி, இன்றும் பெரும்பாலும் ஊதியம் வாங்காத ஆட்களே அதை நடத்துகிறார்கள். நம் நாட்டிலும் அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் ஆராய்ச்சித் திட்ட மையங்களில் தினமும் பொறிக் கணக்கு எடுக்கப்படுகிறது. சின்சுரா பொறி என்று மேற்கு வங்காளத்து ஊரின் பெயரிலேயே ஒரு வகை உண்டு. ஆனால் அவர்கள் கணக்கு அவர்கள் வயலுக்கு. இராஜசிங்கமங்கலம் கண்மாய்ப் பாசனத்துக்கு இராஜசிங்கமங்கலத்துக் கணக்குத்தான் வேண்டும்.

மிளகாய்க்காரர்கள் முகத்தைப் பார்க்கிறேன். காய்ப்புழுக்களின் அந்துகளும் விளக்குக்கு வரும். ஆனால் ஒரே இனத்தை மட்டும் கவனிக்க இனக்கவர்ச்சிப் பொறி எளிது. மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் கோடை மழைக்குப் பின்னும் பருவமழையின் முதல் மழைக்குப் பின்னும் விளக்குப் பொறி வைத்தால் காண்டாமிருக வண்டு விழும். அங்கே மட்டும் நான் கொல்லத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு ஒரு பொறி வேண்டியதில்லை. ஒரு மடைக்கு ஒன்று போதும், செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள், நோட்டை ஒருவரே எழுதட்டும். பெயர் தெரியாத பூச்சி விழுந்தால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதன்மேல் பூச்சியை வைத்து, தேதியும் ஊரும் எழுதி, பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கோ இராமநாதபுரம் கடலோர உவர்நில ஆராய்ச்சி மையத்துக்கோ கொண்டு வாருங்கள். நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.