யாழ்ப்பாணம் காணச் செல்வோர்க்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என ஒன்று உண்டு. அது மாரியில் மட்டும் ஓடும், கோடையில் வெறுந்தரையாய்க் கிடக்கும். மலை இல்லை, அருவி இல்லை. ஆயினும் ஊர்தோறும் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் தழைத்து நிற்கின்றன. குடாநாட்டைக் காண விரும்பும் விருந்தினர், தங்குமிடத்தையும் பிரயாணச் சீட்டையும் பற்றி விசாரிப்பதற்கு முன்பாக, இந்தப் புதிரை விளங்கிக்கொள்வது நன்று.

விடை நிலத்தின் அடியில் இருக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. மாரியிற் பெய்யும் மழை அப்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதப்பதுபோல் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. அக்கணக்கின் மறுபுறந்தான் அச்சந் தருவது: மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் உவர் கீழிருந்து 40 அடி ஏறிவிடும். துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் இறைப்பவன் களைத்தான், கிணறு தப்பியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே விருந்தினர் குளியலறையிற் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டு நின்றால், அது விடுதிக்காரரின் கட்டணச் சீட்டோடு முடிகிற காரியமன்று.

இனிப் பருவம். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். அம்மழையே கிணறுகளின் ஆண்டுச் சம்பளம்; ஆனால் பிரயாணிக்கு அது வசதியான காலமன்று. தை, மாசி மாதங்கள் இதமானவை. சித்திரை வெயில் கடுமையானது. அதன்பின் சோளகக் காற்று தொடங்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்காக அந்த வெயிலையும் பொறுத்துக்கொண்டு வருவோர் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் போரினால் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தி, 2014 ஒக்தோபரில் மீண்டும் வந்தது. வெள்ளத்தினாற் பாதை பழுதுறும் வேளைகளும் உள்ளன. மாரியில் வருவோர் விசாரித்தறிந்து புறப்படுக. நகருக்குள் துவிச்சக்கர வண்டியே சிறந்தது. நிலம் சமதரை, ஒழுங்கைகள் ஒடுக்கமானவை, வேலிக்கு அப்பால் நடக்கும் வாழ்க்கையை மோட்டார் வண்டியில் விரைபவர் காண்பதில்லை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுள் ஆடவர் மேலாடையின்றியே செல்லவேண்டும், வேட்டி பொருத்தமானது. ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் 25 நாள் திருவிழாவைக் காண விரும்புவோர் தங்குமிடத்தை மிக முன்னரே ஒழுங்குசெய்துகொள்ளவேண்டும். கடல் கடந்து வாழும் யாழ்ப்பாணத்தவர் ஊர் திரும்பும் காலமும் அதுவே.

நீரின் கதையைக் கண்ணாற் காண இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று கீரிமலை. கடலலை வந்து மோதும் கரையருகிலேயே நன்னீர் ஊற்றெடுத்துக் கேணியை நிறைக்கின்றது. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையன்று அங்கு வந்து நீராடுவர். அன்று வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் செல்லாதிருப்பது மரியாதை. மற்றொன்று நிலாவரைக் கிணறு. இராமர் அம்பெய்து உண்டாக்கினார் என்பது ஐதிகம். அதன் மேல்நீர் நன்னீர், ஆழத்திலுள்ளது உவர்நீர். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை இக்கிணறு எழுதாமலே காட்டுகின்றது.

குடிநீரைப் பொறுத்தமட்டில் ஒரு சொல். கிணற்று நீர் இனிப்பாயிருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. தோட்டங்களுக்கு இடும் இரசாயன உரத்திலிருந்து நைத்திரேற்று பல கிணறுகளிற் கலந்துள்ளது. காய்ச்சினாலும் அது நீங்காது. குழந்தைகளோடு வருவோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். வீட்டாரிடம் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள் என்று கேட்பதில் அவமரியாதை எதுவுமில்லை. அவர்களே அண்டை வீட்டிலோ கடையிலோ நீர் பெறுபவராயிருக்கக்கூடும்.

போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டையை மாலை வேளையிற் பார்க்கலாம். அதற்குச் சற்றுத் தூரத்தில் 1981இல் எரியூட்டப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகம். அங்கே பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளருக்குரிய நேரத்தைக் கேட்டறிந்து, ஓசையின்றிச் செல்க. வலிகாமத்தின் வடபகுதியிற் கூரையிழந்த வீடுகளைக் காண்போர் உடனே படமெடுக்க முற்படுகின்றனர். அவ்வீடுகளுக்கு உரியவர்கள் உள்ளனர். பலர் உயிரோடிருக்கின்றனர், சிலர் அடுத்த ஒழுங்கையிலேயே இருக்கின்றனர். அவர்கள் திரும்பி வந்ததும் முதலிற் செய்த வேலை பெரும்பாலும் தூர்ந்த கிணற்றை இறைத்ததே. போரைப் பற்றி அவர்கள் தாமாகச் சொன்னாற் கேட்கலாம். துருவி வினவுதல் தகாது.

தீவுகளுக்குச் செல்வோர் பண்ணைத் தாம்போதி வழியாகப் புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் துறைக்குச் செல்லவேண்டும். நயினாதீவு அருகிலுள்ளது. நெடுந்தீவுக்குப் படகிற் செல்ல ஏறத்தாழ ஒரு மணிநேரமாகும். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்க. காற்று மிகுந்தால் அந்நேரமும் மாறும். அங்கே பவளக்கல் மதில்களையும் கட்டின்றித் திரியும் குதிரைகளையும் காணலாம். நிழல் குறைவு, நன்னீர் அதனினும் குறைவு. குடிப்பதற்கு வேண்டிய நீரை எடுத்துச் செல்வதோடு, வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். கோடையில் அத்தீவின் குதிரைகளும் நீரின்றி வாடுகின்றன. அங்கே ஒரு வீட்டில் ஒரு செம்பு நீர் தந்தால், அதன் பெறுமதியை அறிந்து குடிக்கவேண்டும்.

ஊர் திரும்புகையில் ஓலைக் குட்டானில் பனங்கட்டி வாங்குவோர் அதனைப் பெட்டியின் அடியில் வைத்தலாகாது. ஈரம் பட்டால் இளகிவிடும், மேலாக வைத்துக்கொள்க.