பாலனும் ரியூனரும்

கேட்பதோடு அமையாது, உரிய அனுமதிப்பத்திரம் பெற்றுத் தாமே செலுத்தியை இயக்கித் தொலைநாட்டாருடன் உரையாடும் அமெச்சூர் வானொலியாளர் பலர் உளர். இடமும் பணமும் சுருங்கியோர் அவர்களுட் கையாளும் வழி ஒன்றுண்டு. 20 மீற்றர் நீளக் கம்பியை உயரக் கட்டி, அதன் நடுவினின்று ஏணி போன்ற இரட்டைக் கம்பியை வீட்டுக்குள் இறக்கி, ரியூனர் என்னும் இசைவிப்புக் கருவியின் துணையால் ஒரே அன்ரெனாவைப் பல அலைவரிசைகளில் இயக்குவர்.

இரட்டைக் கம்பியில் சமமான மின்னோட்டம் எதிரெதிராக ஓடவேண்டும். செலுத்தியின் வாயிலோ ஒரு பக்கம் நிலத்தோடு தொடுக்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைப்பது பாலன். தமிழ்ச் செவிக்கு இப்பெயர் குழந்தையை நினைவூட்டும். உண்மையில், ‘சமனுற்றது’, ‘சமனற்றது’ எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டிய பெயர் இது.

கடையில் வாங்கும் ரியூனர் பலவற்றுள் 4:1 பாலனே பொருத்தப்பட்டிருக்கும். தடங்கலை நாலிலொன்றாகக் குறைப்பது அதன் வேலை. 200 ஓம் வந்தால் 50 ஓமாகும், நன்று. ஆனால் ஏணிக்கம்பியின் முனையில் 200 ஓம்தான் வருமென்று யார் உறுதி கூறுவர்? 7 மெகாஹேட்சில் அன்ரெனாவும் ஏணிக்கம்பியும் அரையலை நீளமாயின், அங்கே ஏறத்தாழ 60 ஓம் தோன்றும். பாலன் அதனை 15 ஓமாக்கிவிடும். 100 வாற்று வலுவுக்கு 1.3 அம்பியராய் இருந்த மின்னோட்டம் ரியூனரின் பக்கம் 2.6 அம்பியராகும். வெப்பமாய்க் கழியும் வலு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், ரியூனரின் சுருள் வீணே சூடேறும். அதே அன்ரெனாவை 14 மெகாஹேட்சில் இயக்கினாலோ தடங்கல் சில ஆயிரம் ஓமுக்கு உயரும். 4000 ஓம் எனின், பாலனின் குறுக்கே 630 வோல்ற்று நிற்கும். ஃபெரைற்று உள்ளகம் கொதிக்கத் தொடங்கும்.

இவ்வளவு நடந்தும் அளவுமானியின் முள் அசையாது 1:1 என்று காட்டிநிற்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். செலுத்திக்கும் ரியூனருக்கும் இடையில் நிற்கும் மானி, செலுத்திக்கு 50 ஓம் தெரிகிறது என்பதை மாத்திரமே கூறும். வலு வானுக்குச் சென்றதா, பாலனை வாட்டியதா என்பதை அது அறியாது.

சுவிற்சலாந்துப் பொறியியலாளர் குவனெல்லா 1944ஆம் ஆண்டில் விளக்கிய முறை இதற்குத் துணையாகும். இரு கம்பிகளை ஒருங்கே சுற்றினால், எதிரெதிராக ஓடும் சம மின்னோட்டம் தடையின்றிச் செல்லும். ஒரே திசையில் ஓட முயலும் மிகுதி மின்னோட்டம் தடுக்கப்படும். அம்மிகுதியே வடத்தின் உறைவழியாக வீட்டுக்குள் புகுந்து, ஒலிவாங்கியைத் தொடும் உதட்டைச் சுரீரெனச் சுடுவது. ஆதலின், இம்முறையில் அமைந்த 1:1 மின்னோட்டப் பாலனையே ஏணிக்கம்பியுடன் கையாளுதல் பெரும்பாலும் நன்று. ஆயினும், ஆயிரக்கணக்கான ஓமின் முன் அதுவும் களைத்துப்போகும்.

எளிய சோதனை ஒன்றுண்டு. சில நிமிடம் இயக்கியபின், செலுத்தியை முற்றாக நிறுத்திவிட்டுப் பாலனைத் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்காத சூடு இருப்பின், ஏணிக்கம்பியை ஓரிரு மீற்றர் கூட்டியோ குறைத்தோ மீண்டும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். அதன் நீளம் மாற, முனையில் தோன்றும் தடங்கலும் மாறும்.