ஊன்றுகோல் கிடைத்த வழி



நடந்து போய்ச் சாமி கும்பிடுவது நம் வடசென்னைக்குப் புதிதில்லை. ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணிக்கு நடக்கிறோம். பௌர்ணமி வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று அம்மனையும் பொழுது சாய்வதற்குள் பார்த்துவிட வண்டி பிடித்து ஓடுகிறோம். ஆனால் திருவொற்றியூர்க் கோயில் வாசலிலேயே தொடங்குகிற ஒரு பழைய வழி இருக்கிறது. தேவாரம் பாடிய சுந்தரர் கண் பார்வை இல்லாமல் நடந்த வழி. ஒற்றியூரில் இருந்து காஞ்சிபுரம் வரை, ஆற அமர நடந்தால் ஆறு நாள். அந்த வழியை நாம் நடக்க வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கிலியார் ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவர். செங்குன்றத்துக்கு வடக்கே அந்த ஊர் அதே பெயரோடு இன்றும் இருக்கிறது. திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, கோயிலுக்குப் பூமாலை தொடுத்து வந்தார். அவரைப் பார்த்த சுந்தரர் மணம் முடிக்க ஆசைப்பட்டார். திருவாரூரில் ஏற்கெனவே அவர் மனைவி பரவையார் இருக்கிறார். அதனால், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தர வேண்டும் என்றாயிற்று. சத்தியம் செய்யும் நேரம் மட்டும் சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கும்படி சுந்தரர் இறைவனிடமே கேட்டுக்கொண்டார். இறைவனோ, மகிழடியில் சத்தியம் கேள் என்று சங்கிலியார் கனவில் சொல்லிவிட்டார். சுந்தரருக்குத் தப்ப வழியில்லை. மகிழடியில் சத்தியம் செய்தார், மணம் முடிந்தது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் நடப்பது இதுதான்.

பிறகு தென்றல் வீசும் பருவம் வந்தது. ஆரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்தது. சொன்ன சொல்லை மறந்து கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் இருண்டுவிட்டன.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கிலியார் பக்கம்தான் மனம் போகும். மாலை தொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த பெண். அவரை விட்டுப் போனவரின் பயணத்தைப் பெரியபுராணம் ஊர் ஊராகச் சொல்கிறது. பின்னால் நின்றவர் எத்தனை நாள் வழி பார்த்தார் என்பதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். அதனால் இந்த நடையை மகிழ மரத்தடியில் தொடங்குங்கள். சங்கிலியாரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாள் திருமுல்லைவாயில் வரை. இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுக்கு வரும். வழியிலேயே கடினமான நாள் இதுதான். பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் மணலி. கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கியின் நெருப்பு தூரத்திலேயே தெரியும், வாடை மூக்கில் ஏறும். விடிவதற்கு முன்பே கிளம்பி மாதவரம் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது. இந்தப் பகுதியை மட்டும் பஸ்ஸில் கடந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். நாம் வாழும் ஊரை நடந்து பார்த்தால்தான் அதன் அளவு தெரிகிறது. மணலிக்காரர்கள் தினம் மூச்சு வாங்கும் காற்றை ஒரு காலை நேரமாவது நாமும் வாங்கிப் பார்க்கலாம்.

மாதவரம், அம்பத்தூர் தாண்டித் திருமுல்லைவாயிலில் மாசிலாமணி ஈசுவரர். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளால் வெட்ட, லிங்கத்தின் மேல் பட்டது என்பது தல வரலாறு. அந்த வெட்டுக்காயத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. நந்தி இங்கே சாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்தபடி இருக்கும்.

இரண்டாம் நாள் ஆவடி வழியாகத் திருவள்ளூர். கூடவே ரயில் பாதை வரும். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்தத் திசையில்தான் போனது. கால் வலிக்கிறவர்கள் எந்த ஸ்டேஷனிலும் ஏறி வீடு திரும்பலாம். வயதானவர்களைத் துணிந்து அழைத்துப் போக இது பெரிய வசதி.

மூன்றாம் நாள் பூண்டி. திருவள்ளூரில் இருந்து நடை குறைவு, பொழுது மிச்சம் இருக்கும். அந்தப் பொழுது முழுவதையும் அங்கே செலவிடுங்கள்.

சுந்தரர் வந்த ஊருக்குத் திருவெண்பாக்கம் என்று பெயர். கண் கேட்டு அழுதார். நீ கோயிலில் இருக்கிறாயா என்றுகூடக் கேட்டார். இருக்கிறோம், நீ போய் வா என்று யாரோ எவரோ போலப் பதில் வந்தது. கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும். கோபத்தில் அவர் கோலை வீச, அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்தது என்பார்கள். கொம்பு ஒடிந்த நந்தியை இன்றும் பார்க்கலாம். மின்னல் ஒளியாக வந்து வழிகாட்டியவள் என்பதால் அம்மனுக்கு மின்னொளி அம்மை என்று பெயர். கேட்ட கண் கிடைக்கவில்லை, நடப்பதற்கு ஒரு கோல் கிடைத்தது. அதை ஊன்றிக்கொண்டு அவர் மேலே நடந்தார். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

ஆனால் இப்போது நீங்கள் கும்பிடும் கோயில் சுந்தரர் வந்த இடத்தில் இல்லை. அந்த இடம் ஏரிக்குள் போய்விட்டது. சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1940இல் அடிக்கல் நாட்டி, 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் இது. மேயராக இருந்து இதற்குப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943இலேயே மறைந்துவிட்டார். முடிந்த அணையைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஏரிக்கு அவர் பெயர். பழைய கோயிலைப் பெயர்த்துக் கரையில் ஊன்றீசுவரர் கோயிலாகக் கட்டினார்கள். நாம் குடத்தில் பிடிக்கும் தண்ணீருக்காக ஒரு பாடல் பெற்ற தலம் இடம் மாறியிருக்கிறது.

அணையைத் தாண்டிய கொசஸ்தலை எங்கே போகிறது? நம் எண்ணூருக்குத்தான். முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, குப்பத்துப் படகும் வலையும் கறுத்துப் போன அதே ஆறு. பூண்டிக் கரையில் நின்று அந்தத் தெளிந்த நீரைப் பார்க்கும் எண்ணூர்க்காரருக்கு நெஞ்சு கனக்காமல் இருக்காது.

அடுத்த நாள் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த ஊர். அந்த மண்ணை ஒட்டித் தங்கிச் சுந்தரர் பாடினார். ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் 1905இல் கிடைத்ததும் இங்கேதான். ஐந்தாம் நாள் தக்கோலத்தில் தங்கலாம். புராணத்தின் வரிசையில் தக்கோலம் வராது. ஆனாலும் ஒற்றியூர்க்காரர்கள் அங்கே நின்று போக ஒரு காரணம் உண்டு. 949இல் அங்கு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே மாண்டான். அவனுக்கு நெருக்கமான வல்லபன் என்ற கேரளத்து வீரன், அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று மனம் உடைந்து, கங்கையில் நீராடிவிட்டுத் திருவொற்றியூர் வந்து துறவியானான். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் அங்கே மடத்தை நடத்தினான். ஒற்றியூர்க் கல்வெட்டு சொல்லும் செய்தி இது.

ஆறாம் நாள் காஞ்சி. ஏகாம்பரநாதர் முன் சுந்தரருக்கு இடக்கண் திறந்தது. வலக்கண் பார்வை திருவாரூரில்தான் வந்தது. அங்கே போக இன்னும் பல நாள் நடை உண்டு. முதல் தடவைக்குக் காஞ்சி போதும்.

ஸ்பெயினில் சாந்தியாகோ கோயிலுக்கு நடக்கும் வழி நெடுக மஞ்சள் அம்புக்குறி இருக்கிறது, தங்கும் விடுதி இருக்கிறது. 2023இல் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி நடந்து சான்றிதழ் வாங்கினார்கள். நம் வழியில் சுந்தரர் இந்தப் பக்கம் போனார் என்று சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. மகிழ மரத்தடியில் ஒரு பலகை, மணலிச் சாலையில் ஆள் நடக்க ஓர் ஓரம், பூண்டியிலும் திருவாலங்காட்டிலும் இரவு தங்க ஒரு கூடம். இவ்வளவு செய்தால் போதும். அறநிலையத் துறையும் மாநகராட்சியும் மனம் வைத்தால் நடக்கிற காரியம்தான்.

கிளம்ப நினைப்பவர்கள் மகிழடி சேவைக்கு மறுநாள் கிளம்புங்கள். வெயில் ஏறத் தொடங்கும் காலம், காலை பத்து மணிக்குள் பாதித் தூரம் முடித்துவிடுங்கள். நாலைந்து பேராகப் போங்கள். தலைக்கு ஒரு துண்டு, தண்ணீர், பழகிய செருப்பு போதும். கையில் ஒரு கோலும் இருக்கட்டும்.