உலாவி விழுந்தால் எழுந்திருக்குமா?



புதுத் தொழில்நுட்பம் நம் நேரத்தை மிச்சப்படுத்துகிறதா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர்கள் கைப்பேசி, மின்பணப்பை என்று பலவற்றையும் தொட்டுவிட்டார்கள். நான் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி, அதாவது பிரவுசர். அதைப்பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் கணினி படித்தவள் அல்ல. பொதுமக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள். ஆனால் ஒரு புது உலாவியை நம்பி என் அக்கா மகளின் ஓராண்டை வீணாக்கியவள். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

2023இல் நடந்தது. என் அக்கா வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. 4 ஜிபி நினைவகம் கொண்டது. மெதுவாக ஓடுகிறது என்று அக்கா புலம்பினார். நான்தான் கெட்டிக்காரியைப் போல, "புதுசா ஒரு பிரவுசர் வந்திருக்கு அக்கா, பறக்கும்" என்று சொல்லி ஏற்றிக் கொடுத்தேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். தவறு அதனுடையது மட்டும் அல்ல. உண்மையில் பறக்கத்தான் செய்தது. அக்கா இரண்டு நாள் என்னைப் புகழ்ந்தார்.

அதற்கடுத்த வாரம் அக்கா மகள் உயர்கல்விக்கு விண்ணப்பம் போட்டாள். கடைசி நாள், இரவு பதினொன்றே கால் மணி. பன்னிரண்டு மணியோடு மூடிவிடுவார்கள். கடைசி நாள் வரை ஏன் காத்திருந்தாள் என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் எந்தப் பாரத்தை முதல் நாளே நிரப்பியிருக்கிறோம், சொல்லுங்கள்! "இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்ற கேள்விக்கு நீளமாக ஒரு பதிலைப் பெட்டிக்குள் நேராகவே தட்டச்சு செய்தாள். முக்கால்வாசி முடிந்தபோது உலாவி தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் பக்கம் வந்தது. பெட்டிகள் எல்லாம் காலி. முதலிலிருந்து தொடங்கி முடித்தபோது மணி 12.04. அவள் அழவில்லை. கணினியை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மறுநாள் தொலைபேசியில், "சித்தி, வேகமா இருக்குன்னு சொன்னீங்களே, விழுந்தா என்ன ஆகும்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. அதனால் பிறகு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் வேகம். அதே மடிக்கணினி, அதே வைஃபை, அதே இரவு எட்டு மணி. தாமானில் எல்லாரும் படம் பார்க்கும் நேரம் அதுதான். மூன்று உலாவிகள், இரண்டு பழையவை, ஒன்று அந்தப் புதியது. ஒரு செய்தித்தள முகப்பை ஒவ்வொன்றிலும் மூன்று முறை திறந்தேன். இரண்டாம் முறை எல்லாமே வேகமாக வந்தன. ஏனென்றால், முதல் முறை வந்த படங்களை உலாவி கணினியிலேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. எனவே புது உலாவியில் இரண்டாம் முறை திறந்துவிட்டுப் பழையதில் முதல் முறை திறந்தால் அது நியாயமான போட்டி ஆகாது. நான் முன்பு அக்காவுக்குக் காட்டிய வித்தை அதுதான் என்று இப்போது புரிகிறது!

இன்னொன்றையும் கண்டேன். புது உலாவியில் எந்தச் செருகுநிரலும் இல்லை, திறந்து கிடக்கும் முப்பது பக்கங்களும் இல்லை. புது வீட்டுக்குக் குடிபோன முதல் நாள் நடமாட இடம் தாராளமாகத்தானே இருக்கும்? பழைய உலாவியிலும் குப்பையைக் கூட்டிவிட்டுச் சோதித்தேன். வித்தியாசம் கண்ணிமைக்கும் நேரம்தான். மிச்சமிருந்த வித்தியாசமும் புதியது விளம்பரங்களைத் தடுப்பதால் வந்தது. விளம்பரத்தில் வயிறு வளர்க்கும் தொழிலில் இருந்துகொண்டு இதை நான் பாராட்டுவது சரியா என்று தெரியவில்லை, இருந்தாலும் உண்மை உண்மைதான்.

வித்தியாசம் ஏன் இவ்வளவு குறைவு? 1985இல் முதல் புரோட்டான் சாகா வந்தபோது நாம் கொண்டாடினோம். மூடியைத் திறந்தால் உள்ளே மிட்சுபிஷி இயந்திரம். உலாவிகளின் கதையும் அப்படித்தான். கூகுள் 2008இல் குரோம் உலாவியோடு குரோமியம் என்ற நிரலை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. ஓபரா, பிரேவ், விவால்டி, 2020இல் மாறிய மைக்ரோசாப்டின் எட்ஜ், ஸோஹோ நிறுவனம் 2023இல் அழகான தமிழ்ப் பெயரோடு கொண்டுவந்த 'உலா' எல்லாம் அதன் மேல் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் வேறு இயந்திரம். ஆகவே "இரண்டு மடங்கு வேகம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கத்தில், எந்தக் கணினியில், எதை நிறுத்திவிட்டு என்று கேளுங்கள்.

மதிப்பெண் பட்டியலைக் காட்டினாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆக்டேன் என்று ஒரு வேகச் சோதனை இருந்தது. அதை உருவாக்கிய கூகுளே 2017இல் அதை நிறுத்தியது. காரணம், உலாவி செய்பவர்கள் அந்தச் சோதனையில் மதிப்பெண் ஏற்றுவதற்காகவே நிரலைத் திருத்தினார்கள். அவற்றில் சில திருத்தங்கள் உண்மையான பக்கங்களுக்குக் கெடுதலாகவே முடிந்தன. பழைய எஸ்பிஎம் கேள்வித்தாளை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவனைப் போல!

சரி, இனி விழுவதைப்பற்றி. இதைத்தான் நான் அதிக நேரம் சோதித்தேன். ஒரு கருத்துப் பெட்டி உள்ள பாரத்தை மூன்றிலும் பாதி நிரப்பினேன். ஒரு முறை மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். ஒரு முறை டாஸ்க் மேனேஜரில் போய் உலாவியை வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கணினி மேல் என்ன கோபம்?" என்றார்.

இணையம் போனபோது மூன்றும் சமாளித்தன. பக்கத்தை மூடாதவரை எழுத்து அப்படியே இருந்தது. 'அனுப்பு' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உலாவியையே நிறுத்தியபோது குணம் தெரிந்தது. பழையவற்றில் ஒன்று பக்கத்தையும் நான் எழுதிய வாசகத்தையும் சேர்த்தே திருப்பித் தந்தது. கடைசி வரியில் சில சொற்கள் மட்டும் போயிருந்தன. மற்ற பழையதும் அந்தப் புதியதும் பக்கத்தைத் தந்தன, வாசகத்தைத் தரவில்லை.

இது மந்திரம் அல்ல. ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவி நாம் தட்டுவதை வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறை வட்டில் குறித்து வைக்கிறது. எல்லா உலாவியும் அப்படிக் குறிப்பதில்லை. சில பாரங்கள் எந்த உலாவிக்கும் பிடி கொடுக்காதபடி எழுதப்பட்டிருக்கின்றன. சில தளங்கள் பாதுகாப்புக்காகச் சற்று நேரம் சும்மா இருந்தாலே நம்மை வெளியேற்றிவிடும். அதற்கு உலாவியைத் திட்டிப் பயனில்லை. அக்கா மகள் விஷயத்தில் இவற்றில் எது காரணம், எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் இப்போதும் முடியாது. ஏற்றிக் கொடுத்தவள் நான் என்பது மட்டும் நிச்சயம். அரை மணி நேரச் சோதனையில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது.

அந்தப் புது உலாவி இன்னும் என் கணினியில் இருக்கிறது. காலையில் செய்தி படிக்க, பாட்டுக் கேட்க அதைத்தான் திறக்கிறேன். வங்கிக்கும் பாரங்களுக்கும் அந்தப் பழையது.

அக்கா மகள் ஓராண்டு ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு, 2024இல் மறுபடி விண்ணப்பித்தாள். பதில்களை முதலில் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பாகவே அனுப்பினாள். ஒப்புகைத் தாளைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். எந்த உலாவியில் நிரப்பினாய் என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு அண்ணன் கம்ப்யூட்டர்ல, சித்தி. நீங்க தொடாதது" என்றாள்.